பனிக்காலத்திலிருந்து வைகறைக்கு: அல்செஸ்ற் இசை பற்றிய ஒரு மதிப்பீடு

கலை இலக்கிய விமர்சனத்திலே அடிக்கடி எழுப்பப்படும் வினாக்களுள் ஒன்று, தனிமனிதனின் அகவுணர்வை மாத்திரமே பொருளாகக் கொண்ட படைப்பினை எவ்வாறு மதிப்பிடுவது என்பதாகும். சமூகத்தை விட்டு விலகி நிற்கும் கலைஞனின் ஆக்கம் யாவும் தப்பியோட்டமே என்பர் ஒரு சாரார். கலைஞனது அகவுலகம் புற அளவுகோல்களுக்கு அப்பாற்பட்டது என்பர் மறு சாரார். இரு சாராரும் படைப்பினை உற்று நோக்குவதற்கு முன்னரே தீர்ப்பினை எழுதிவிடுகின்றனர். தப்பியோடுபவன் எதிலிருந்து ஓடுகின்றான், எவ்வழியே ஓடுகின்றான், ஓடிய இடத்திலிருந்து எதனைக் கொணர்ந்து தருகின்றான் என்னும் கேள்விகளைக் கேட்காத விமர்சனம் பயனற்றது. இக்கேள்விகளை ஐரோப்பிய இசைக்கோலமொன்றினை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரெஞ்சு மொழியிற் பாடும் 'அல்செஸ்ற்' என்னும் இசைமுயற்சி இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பிரான்சின் தென்பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2000ஆம் ஆண்டளவில், தமது பதின்ம வயதில், இதனைத் தொடங்கினார். 'நேஜ்' என்பது அவர் பூண்ட புனைபெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் பனியைக் குறிக்கும். தனியொருவரது முயற்சியாக நெடுங்காலம் இருந்த அல்செஸ்ற், பிளாக் மெற்றல் எனப்படும் இசைவகையின் உள்ளிருந்து தோன்றி, அவ்விசைவகையின் எல்லைகளையே மாற்றியமைத்தது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் பெறுபேறு யாது, அதன் குறைபாடு எங்கே உள்ளது என்பனவற்றை ஒழுங்காக நோக்குதல் வேண்டும்.

1

பிளாக் மெற்றல் என்னும் பெயர் இங்கிலாந்தைச் சேர்ந்த 'வெனம்' குழுவினர் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றின் தலைப்பிலிருந்து வந்தது. சுவீடனின் 'பதொரி' குழு 1980களில் அதற்கு உருவத்தினை வழங்கிற்று. ஆயினும் இன்று நாம் அறியும் வடிவத்தில் அது முழுமை பெற்றது 1990களின் தொடக்கத்தில், நோர்வேயில் ஆகும். மேஹெம், டார்க்துறோன், பேர்சம் முதலிய பெயர்கள் அக்காலத்திற்குரியன. தேவாலயங்கள் தீக்கிரையாக்கப்பட்டமையும், 1993 ஓகஸ்ற்றில் மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞர் கொலையுண்டமையும், அக்கொலைக்காகப் பேர்சத்தின் தனிக்கலைஞர் 1994இல் இருபத்தொரு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றமையும் உலகறிந்த செய்திகள். இச்செய்திகளின் பரபரப்பிலே அவ்விசையின் ஒலியமைப்புப் பற்றிய ஆராய்வு பெரும்பாலும் அமுங்கிப்போயிற்று.

ஒலியமைப்பு என்ற வகையில் அதன் கூறுகள் மூன்று. முதலாவது, கிற்றாரின் ஒரே சுரத்தை மிகுவேகத்தில் இடையறாது மீட்டும் முறை. தந்தியின் ஒலி மின்பெருக்கியினாற் கரகரப்பாக்கப்படும்போது தனித்தனி மீட்டல்கள் காதிற் படாது, ஒரு நீண்ட இரைச்சற் படலமாக மாறுகின்றன. இரண்டாவது, மத்தளக் கருவிகள் ஒரு நொடிக்குப் பலமுறை அதிரும் இடையறாத் தாளம். மூன்றாவது, பாட்டென்று கூறவியலாத அலறல். முதலிரண்டு கூறுகளிலும் ஒரு விந்தை பொதிந்துள்ளது. கைகள் அதிவிரைவாக இயங்குகின்றன. ஆனால் சுரங்களோ மெதுவாகவே மாறுகின்றன. மேற்பரப்பிலே புயலும் ஆழத்திலே அசைவின்மையும் ஒருங்கே நிலவுகின்றன. பிளாக் மெற்றலின் கொடூரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் அடியிலுள்ள இவ்வமைதியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அல்செஸ்ற்றின் வளர்ச்சி முழுவதற்கும் வித்து இந்த அமைதியிலேயே கிடந்தது என்பது எமது துணிபு.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. தனியொருவரே எல்லாக் கருவிகளையும் இசைத்து ஒலிப்பதிவு செய்வது இவ்விசைவகையின் வழக்கங்களுள் ஒன்றாகும். பேர்சம் தொடக்கத்திலிருந்தே ஒருவரின் முயற்சி. டார்க்துறோனின் 1994ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' இருவர் குழுவினதாயினும், கருவியிசை முழுவதும் ஒருவராலேயே எளிய நாற்றடப் பதிவுக் கருவியிற் பதியப்பட்டது. பிரான்சிலும் இம்மரபு வேரூன்றிற்று. 1990களிலே பிரித்தானிப் பகுதியை மையமாகக் கொண்டு இயங்கிய 'லே லெஜியோன் நுவார்' என்னும் வட்டத்தினர் மிகச் சில பிரதிகள் மாத்திரமே கொண்ட ஒலிநாடாக்களைத் தம்முட் பரிமாறிக்கொண்டனர். மங்கலான ஒலிப்பதிவையே தமது தூய்மையின் சான்றாகக் கருதினர். தனிமை என்பது இங்கு உற்பத்தி முறையாகவும் கொள்கையாகவும் ஒருங்கே அமைந்தது. கூட்டு முயற்சியான இசையைத் தனியொருவன் தன் அறைக்குள் அடைத்துக்கொள்வதைச் சாத்தியமாக்கியது மலிவான பதிவுக் கருவி. அதனை விரும்பத்தக்கதாக ஆக்கியதோ மனிதரிடமிருந்து அந்நியப்பட்ட ஒரு தலைமுறையின் மனநிலை. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் தகும்.

2

நமது இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறும். உரிப்பொருளாகிய உணர்ச்சி அவ்விரண்டினது அடிப்படையிலேயே நிலைகொள்ளும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். பிளாக் மெற்றலை விளங்கிக்கொள்வதற்கு இக்கோட்பாடு வியக்கத்தக்க அளவு உதவுகின்றது. அதன் நிலம் வடபுலத்துக் காடு; அதன் பெரும்பொழுது கடும்பனிக்காலம்; சிறுபொழுது நள்ளிரவு; உரிப்பொருள் வெறுப்பும் துயரமும். இசைத்தட்டுகளின் முகப்புப் படங்கள், பாடற் தலைப்புகள், கலைஞரின் புனைபெயர்கள் ஆகிய யாவும் இம்முதற்பொருளையே திரும்பத் திரும்ப நிறுவின.

அல்செஸ்ற்றின் முதல் வெளியீடான 2001ஆம் ஆண்டு ஒலிநாடாவின் பெயர் 'திறிஸ்தெஸ் இவெர்னால்', அதாவது 'பனிக்காலத் துயரம்'. மூவர் சேர்ந்து இசைத்த அந்நாடா மரபு வழுவாத பிளாக் மெற்றல் ஆகும். கரடுமுரடான ஒலி, அலறல், இருண்ட சுரக்கோலம் என எதிர்பார்க்கத்தக்க யாவும் அதில் உள்ளன. அதன் பின்னர் ஏனைய இருவரும் விலக, நேஜ் தனித்து நின்றார். 2005இல் 'லு செக்றே' என்னும் குறுந்தட்டு வந்தது. இரண்டே நீண்ட பாடல்களைக் கொண்ட அத்தட்டிலே மாற்றம் தொடங்கிவிட்டது. 2007இல் முதல் முழு இசைத்தட்டு வெளியாயிற்று. அதன் பெயருக்கு 'வேறோர் உலகின் நினைவுகள்' என்று பொருள். அத்தட்டின் முதற் பாடலின் தலைப்பு 'மரகத இளவேனில்' என்பதாகும்.

பனிக்காலத் துயரத்திலிருந்து மரகத இளவேனிலுக்கு ஆறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இப்பயணத்தைத் தலைப்பு மாற்றம் என்று கொள்ளலாகாது. முதற்பொருளே மாறியது. பொழுது மாறியதும் உரிப்பொருளும் மாறிற்று. வெறுப்பின் இடத்தில் ஏக்கம் வந்தது. தாம் சிறுவனாக இருந்தபோது இவ்வுலகத்துக்குரியதல்லாத ஒளிமிக்க ஓரிடத்தின் காட்சிகள் தமக்குத் தோன்றினவென்றும், அவ்விடத்தின் நினைவினை இசையில் மீட்டெடுப்பதே அல்செஸ்ற்றின் நோக்கமென்றும் நேஜ் பலமுறை விளக்கியுள்ளார். இக்கூற்றினை மெய்யென்று கொள்வதோ பொய்யென்று தள்ளுவதோ விமர்சகனின் வேலையன்று. அந்நினைவு கலையாக உருப்பெற்றதா என்பதே நமது வினா.

3

உருவத்தை நோக்குவோம். 2007ஆம் ஆண்டுத் தட்டிலே கருவிகள் யாவற்றையும் நேஜ் தாமே இசைத்தார். இடையறாத மீட்டல் முறை அப்படியே இருந்தது. கரகரப்பான ஒலிப்படலமும் இருந்தது. ஆனால் சுரக்கோலம் இருளிலிருந்து ஒளிக்குத் திரும்பியது. தாளம் தளர்ந்து, நடைபோடும் வேகத்துக்கு இறங்கியது. அலறல் முற்றாக நீங்கி, மெல்லிய, ஏறக்குறைய மூச்சே போன்ற குரல் பின்னணியிலிருந்து எழுந்தது. புயலின் அடியிலிருந்த அமைதி மேற்பரப்புக்கு வந்தது எனலாம். பழைய கருவிகளையும் பழைய உத்திகளையும் கைவிடாமலே அவற்றிலிருந்து முற்றிலும் வேறான உணர்வினைப் பிறப்பித்தமை இங்குள்ள சாதனையாகும். உத்திக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு இயற்கையானது அன்று, மரபினால் அமைந்தது என்பதனை இத்தட்டு கோட்பாட்டு விளக்கமேதும் இன்றி நிறுவியது.

தனியொருவரின் முயற்சி என்பது இங்கே ஒலியின் தன்மையையே தீர்மானித்தது. பலர் கூடி இசைக்கும்போது ஒருவரது கருவி மற்றவரது கருவிக்கு மறுமொழி கூறும். இழுபறியும் இசைவும் அங்கு உண்டு. ஒருவரே ஒன்றன் மேல் ஒன்றாகத் தடங்களை அடுக்கும்போது மறுமொழி இல்லை, எதிரொலியே உண்டு. தன் குரலுக்குத் தானே துணைக்குரல், தன் கிற்றாருக்குத் தானே இரண்டாம் கிற்றார். நினைவு என்பதும் இத்தகையதே அன்றோ? ஒருவனது நினைவிலே பேசுவோர் யாவரும் அவனுடைய குரலிலேதான் பேசுகின்றனர். ஆகவே உற்பத்தி முறையும் பொருளும் இத்தட்டில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பிளாக் மெற்றலின் ஏனைய தனிமுயற்சிகளில் தனிமை ஒரு தோரணையாக எஞ்சியிருக்க, அல்செஸ்ற்றில் அது வடிவமாயிற்று.

மேலைநாட்டு விமர்சகர்கள் இவ்வொலியைக் கேட்டவுடன் ஷூகேஸ் என்னும் பிரித்தானிய இசைவகையை நினைவுகூர்ந்தனர். மேடையில் கலைஞர்கள் காலடியிலுள்ள ஒலிமாற்றிகளையே நோக்கி நின்றமையால் அப்பெயர் வந்தது. 'மை பிளடி வலன்ரைன்' குழுவின் 1991ஆம் ஆண்டுத் தட்டும், 'ஸ்லோடைவ்' குழுவின் 1993ஆம் ஆண்டுத் தட்டும் அதன் சிகரங்கள். அவ்விசையினை முன்னர் அறியாமலே தாம் இவ்வொலிக்கு வந்ததாக நேஜ் கூறினார். இதனை நம்புவதற்கு ஒலியமைப்பிலேயே ஆதாரம் உண்டு. கரகரப்பான கிற்றார்ப் படலத்தை மெதுவாக மாறும் சுரங்களோடு இணைத்தால் எந்தத் திசையிலிருந்து புறப்பட்டாலும் ஏறக்குறைய இதே இடத்தையே வந்தடைய நேரும். எனினும் இரண்டும் கலந்த புதுவகைக்கு 'பிளாக்கேஸ்' என்னும் பெயர் நிலைத்தது. அமெரிக்காவின் 'டெஃப்ஹெவன்' குழு 2013இல் வெளியிட்ட 'சன்பேதர்' அதனைப் பரந்த கேள்வியாளரிடம் கொண்டுசென்றது. அத்தட்டிலே நேஜின் குரலும் ஓரிடத்தில் இடம்பெறுவது தற்செயலன்று.

4

மொழி பற்றிய கேள்வி இங்கே தவிர்க்கமுடியாதது. மெற்றல் இசையின் பொதுமொழி ஆங்கிலம். நோர்வேயினர் சிலர் தம் தாய்மொழியிற் பாடியமை ஒரு விலகல். பிரெஞ்சுக் குழுக்கள் பலவும் ஆங்கிலத்தையே நாடின. நேஜ் பிரெஞ்சு மொழியினைத் தேர்ந்தார். இத்தேர்வினை மொழிப்பற்று என்று மாத்திரம் கூறி அமைதல் போதாது. அதற்கு ஒலியியல் அடிப்படையும் உண்டு. ஆங்கிலத்திலே ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அழுத்தம் உண்டு. அது தாளத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பிரெஞ்சு மொழியிலோ அழுத்தம் சொல்லுக்கு உரியதாகாமல் சொற்றொடரின் இறுதிக்கே உரியதாகின்றது. அதன் மூக்கொலி உயிர்கள் நீண்டு கரைந்து செல்லவல்லன. எனவே பிரெஞ்சு வரியொன்றைத் தாளத்தின் மேல் மிதக்கவிட முடியும். அல்செஸ்ற்றின் குரல் கருவிகளுக்கு மேலே நில்லாது அவற்றின் இடையே மிதப்பதற்கு இம்மொழியியல்பும் ஒரு காரணம் என்று கருதலாம்.

இம்மொழித் தேர்வு ஒரு கவிதை மரபோடும் அவரை இணைத்தது. 2005ஆம் ஆண்டுக் குறுந்தட்டின் இரண்டாம் பாடல் போதலேயரின் கவிதையொன்றினை எடுத்தாளுகின்றது. 2010ஆம் ஆண்டுத் தட்டின் இறுதிப் பாடல் 1920இல் மறைந்த போல் ழான் தூலேயின் கவிதைக்கு இசை வடிவம் தருகின்றது. 2024ஆம் ஆண்டுத் தட்டின் இறுதியிலோ அப்பொலினேரின் கவிதை வருகின்றது. மூன்று கவிஞரும் மூன்று காலகட்டங்களின் வாயில்களில் நிற்கின்றனர். இதனால், வேறோர் உலகினைத் தேடும் இக்கலைஞர் தம் மொழியின் வரலாற்றுக்குள்ளே காலூன்றியே தேடினார் என்பது புலனாகும். இடையில் 2014, 2016, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தட்டுகளுக்கும் பிரெஞ்சுத் தலைப்பு இல்லை. ஒன்றுக்கு யப்பானியப் பெயர். மற்றிரண்டுக்கும் ஆங்கிலப் பெயர். 2024இல் பிரெஞ்சுத் தலைப்பு மீண்டு வந்தது. மேடைகள் பெருகி, கேட்போர் உலகெங்கும் பரவிய காலத்தில் தலைப்புகளில் ஏற்பட்ட இவ்வசைவு, சந்தைக்கும் தாய்மொழிக்கும் இடையில் ஊசலாடிய ஒரு மனத்தின் தடயமெனக் கொள்ளின் அது மிகையாகாது.

5

இனி அலறலின் வரலாற்றை நோக்குவோம். அல்செஸ்ற்றின் வளர்ச்சியை அளப்பதற்கு இதனைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. பிளாக் மெற்றலில் அலறல் ஓர் அடையாளச் சின்னம். அஃதில்லாதவன் அவ்வட்டத்துக்குரியவன் அல்லன். 2001இல் நேஜ் அச்சின்னத்தை அணிந்திருந்தார். 2007இல் அதனைக் கழற்றினார். கழற்றியமையால் விடுதலை கிட்டியது; ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. அத்தட்டினை மீண்டும் மீண்டும் கேட்போர் ஆறு பாடல்களும் ஒரே ஒளியில் மூழ்கியிருப்பதை உணர்வர். வேறோர் உலகம் காட்டப்படுகின்றது. அதனை நோக்கி ஏங்குபவன் நிற்கும் இவ்வுலகம் காட்டப்படவில்லை. நிழலின்றி வரைந்த ஓவியம்போல் அழகு மிகுந்தும் கனம் குறைந்தும் அது நிற்கின்றது.

2010இல் வந்த 'எக்காய் த லூன்', அதாவது 'நிலவின் செதில்கள்', இக்குறையை நிறைவு செய்தது. 2009இல் வின்ரர்ஹால்ற்றர் என்னும் தாளக் கலைஞர் சேர்ந்தமையால் தனியொருவரின் முயற்சி இருவரதாயிற்று. மேடையேற்றங்களும் இவ்வாண்டையொட்டியே தொடங்கின. அத்தட்டின் பொழுது இரவு, நிலம் கடல். வாழ்வில் நிறைவு காணாத ஒருவன் இரவிலே கடலினுட் செல்வதை இரு பகுதிகளாக அமைந்த தலைப்புப் பாடல் சித்திரிக்கின்றது. இரண்டாம் பகுதியிலே அலறல் மீண்டும் எழுகின்றது. ஆனால் இப்பொழுது அது சின்னம் அன்று. கதைமாந்தனின் துயரத்துக்குரிய குரல். 'ஒளியின் ஊடுருவல்கள்' என்று பொருள்படும் மூன்றாம் பாடலிலே இதனைவிட நுட்பமானதொன்று நிகழ்கின்றது. அங்கே கிற்றார் இசைக்கும் பண் ஒளிமிக்கது, ஏறக்குறைய மகிழ்ச்சியானது. அதன் மேல் எழும் குரலோ அலறல். அலறலும் ஒளியும் ஒரே கணத்தில் ஒலிக்கும்போது இரண்டும் தம் பழைய பொருளை இழந்து புதுப்பொருள் பெறுகின்றன. எட்டாத ஒன்றைக் கண்டுவிட்டவனின் வலி என்று அப்பொருளைக் கூறலாம். நமது ஒப்பாரி மரபினை அறிந்தோருக்கு, அழுகையும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து எழக்கூடும் என்பதை விளக்கவேண்டிய அவசியமில்லை. அல்செஸ்ற்றின் ஆக்கங்களில் தலையாயது இப்பாடலே என்பது எமது மதிப்பீடு.

2012இல் வெளிவந்த 'ஆன்மாவின் பயணங்கள்' இவ்வழியையே செம்மைப்படுத்தியது. அதன் இறுதிப் பாடல் கோடையின் பெருமையைப் பேசும் தலைப்புடையது. பொழுது இளவேனிலிலிருந்து முதுவேனிலுக்கு நகர்ந்தது எனலாம். ஆனால் அங்கு செம்மை கூடிய அளவுக்குப் புதுமை கூடவில்லை.

2014இல் 'ஷெல்ற்றர்' வந்தது. 'புகலிடம்' என்று பொருள்படும் இத்தட்டு ஐஸ்லாந்திலே 'சிகுர் றோஸ்' குழுவினரது சுண்ட்லாகின் ஒலிப்பதிவுக் கூடத்திற் பதியப்பட்டது. ஸ்லோடைவ் குழுவின் பாடகர் ஒரு பாடலைப் பாடியுள்ளார். மெற்றலின் கூறுகள் அறவே விலக்கப்பட்டன. அலறல் இல்லை, புயற்தாளம் இல்லை. ஒலிப்பதிவின் தெளிவும் தந்தி வாத்தியங்களின் இனிமையும் மறுக்கமுடியாதன. எனினும் அல்செஸ்ற்றின் தட்டுகளுள் நினைவில் மிகக் குறைவாகத் தங்குவது இதுவே. காரணம் வெளிப்படையானது. புயலில் அகப்பட்டவனுக்கே புகலிடம் புகலிடமாகும். புயலை அகற்றிவிட்டு வைத்த புகலிடம் வெறும் அழகிய அறையாக எஞ்சிற்று. தப்பியோட்டம் என்னும் குற்றச்சாட்டு அல்செஸ்ற்றின் எப்படைப்புக்கேனும் பொருந்துமாயின் அது இதற்கே பொருந்தும். மகிழ்ச்சியான இசை என்பது அதன் குற்றமன்று. தான் எதிலிருந்து தப்பியது என்பதை அவ்விசை மறந்துவிட்டதே குற்றம்.

6

இவ்வுண்மையைக் கலைஞரும் உணர்ந்திருந்தார் என்பதற்கு 2016இல் வெளியான 'கொடாமா' சான்று. யப்பானிய நம்பிக்கையில் கொடாமா என்பது மரத்தில் உறையும் ஆவி. எதிரொலி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மியாசாக்கியின் 1997ஆம் ஆண்டுத் திரைப்படமான 'மோனோனோக்கே இளவரசி' இத்தட்டுக்குத் தூண்டுதலாயிற்று. ஓநாய்களால் வளர்க்கப்பட்டு, காட்டுக்கும் மனிதர்க்கும் இடையில் எவ்விடத்துக்கும் முற்றாக உரியவளாகாத பெண்ணொருத்தி அப்படத்தின் நாயகி. இங்கே அல்செஸ்ற்றின் பொருள் ஒரு புதிய பரிமாணத்தைப் பெறுகின்றது. முந்திய தட்டுகளில் வேறோர் உலகம் என்பது ஒருவரின் சொந்த நினைவு. இத்தட்டிலோ அது அழிக்கப்படும் காடாகவும், அழிவுக்கும் ஆக்கத்துக்கும் இடையிற் சிக்கிய உயிராகவும் உருக்கொள்கின்றது. தனிமனித ஏக்கத்தின் பின்னால், இயற்கையிலிருந்து அந்நியப்பட்ட நகர மனிதர் யாவரது ஏக்கமும் இருந்தமை வெளிப்படுகின்றது. அலறல் மீண்டது, கனம் மீண்டது. 2010ஆம் ஆண்டுத் தட்டுக்கு நிகராக வைத்தெண்ணத்தக்க தட்டு இதுவே.

2019ஆம் ஆண்டின் 'ஸ்பிரிச்சுவல் இன்ஸ்ரிங்ற்' இன்னும் இருண்டது, இறுக்கமானது. பின்னர் ஐந்தாண்டு இடைவெளி. 2024இல் வெளிவந்த தட்டின் பெயருக்கு 'வைகறையின் பாடல்கள்' என்று பொருள். ஒளி முழுமையாகத் திரும்பிவிட்டது. அலறல் அருகியே வருகின்றது. 2014இன் தவறு மீளவும் நிகழ்ந்ததா என்று வினவலாம். இல்லை என்றே கூறவேண்டும். வைகறை என்பது நண்பகல் அன்று. இரவின் எல்லையிலே நிற்பது. இருள் கழிந்ததை அறிந்த ஒளி அது. தட்டினை முடித்துவைப்பது பிரிவு பற்றிய கவிதை என்பதும் கருதத்தக்கது. பனிக்காலத்து நள்ளிரவிலே தொடங்கிய பயணம் வைகறைக்கு வந்து சேர இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 'பனி' என்னும் புனைபெயரோ இன்னும் மாறவில்லை.

7

இதுவரை உருவத்தின் வழியே வந்த நாம், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். அல்செஸ்ற் தப்பியோட்டக் கலையா?

இதற்கு விடையிறுக்கும்போது அக்கலை தோன்றிய சூழலை மறத்தலாகாது. பிளாக் மெற்றலின் ஒரு பகுதி மனித வெறுப்பிலிருந்து இனவெறுப்புக்கு எளிதிற் சென்றது. பேர்சத்தின் கலைஞரது இனவாதக் கருத்துகள் பகிரங்கமானவை. நேஜ் தம் இளமையில் தாளக் கலைஞராக இருந்த 'பெஸ்ற் நுவார்' என்னும் பிரெஞ்சுக் குழு தீவிர வலதுசாரித் தேசியவாதத்தின் குரலாக அறியப்பட்டது. நேஜ் அதனின்றும் விலகித் தம் வழியே சென்றார். இவ்விலகலின் பொருளை அவரது இசையிலேயே காணலாம். நிகழ்கால உலகின் மீதான அதிருப்தி இரு பகுதியினருக்கும் பொதுவானது. ஒரு பகுதியினர் அவ்வதிருப்திக்குப் பகைவரைத் தேடினர்; இழந்த பொற்காலமொன்றைக் குருதியிலும் மண்ணிலும் கற்பித்துக்கொண்டனர். நேஜும் இழந்த உலகமொன்றையே பாடுகின்றார். ஆனால் அவ்வுலகத்துக்கு எல்லைக்காவல் இல்லை. அதிலிருந்து துரத்தப்படவேண்டியோர் என்று எவரும் இல்லை. ஏக்கம் என்னும் ஒரே உணர்ச்சி எத்தகைய இருவேறு அரசியல்களுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். வெறுப்பின் இலக்கணத்தை நன்கு கற்ற ஒருவர் அவ்விலக்கணத்தைக் கொண்டே வெறுப்பற்ற வாக்கியங்களை அமைத்தார் என்பது சிறிய காரியமன்று.

அதேவேளை, இச்சாதனையின் எல்லையினையும் நேர்மையாகக் குறித்தல் வேண்டும். அல்செஸ்ற்றின் உலகில் மனிதர் அரிது. கடல் உண்டு, காடு உண்டு, ஒளி உண்டு. பசியோ உழைப்போ அயலவரோ இல்லை. கொடாமாவில் மாத்திரமே அவ்வுலகின் அழிவுக்கு மனிதரின் செயல் காரணமென்பது கோடி காட்டப்படுகின்றது. அங்கும் திரைப்படமொன்றின் துணைகொண்டே அது சாத்தியமாயிற்று. அந்நியமாதலை இத்துணை துல்லியமாக உணரச்செய்யும் இசை, அதன் காரணங்களை வினவ முற்படவில்லை. அதனை இசையிடம் எதிர்பார்ப்பது தகுமா என்று கேட்கலாம். சொல்லில்லாத இசையிடம் எதிர்பார்த்தல் தகாதிருக்கலாம். சொல்லையும் கவிஞரையும் துணைக்கழைக்கும் இசையிடம் எதிர்பார்த்தல் தகும்.

ஆயினும், தப்பியோட்டம் என்ற ஒற்றைச் சொல்லால் இதனைத் தள்ளிவிட முடியாது என்பதே நமது முடிவு. அல்செஸ்ற்றின் இருபதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒரு விதியினைத் திரும்பத் திரும்ப மெய்ப்பித்துள்ளது. இவ்வுலகின் கரடுமுரடு எப்பொழுதெல்லாம் அவ்விசையில் ஒலித்ததோ அப்பொழுதெல்லாம் அது காட்டும் மறுவுலகும் நம்பத்தக்கதாயிற்று. இவ்வுலகம் துடைத்தழிக்கப்பட்டபோது மறுவுலகும் உடன் மங்கிற்று. தனியறையில் ஒருவர் அடுக்கிய ஒலிகளுக்கும் இவ்விதி விலக்களிக்கவில்லை. அகவுலகக் கலையை ஆராய முற்படும் நம் போன்ற மாணவர், அதனை ஏற்பதா மறுப்பதா என்னும் வினாவுடன் தொடங்காது, அதனுள் இவ்வுலகம் எவ்விடத்தில் எக்குரலில் ஒலிக்கின்றது என்னும் வினாவுடன் தொடங்குவராயின், நமது விமர்சனம் மேலும் ஒரு படி முன்னேறும் என்பதில் ஐயமில்லை.